மக்கத்துப் படத்துக்குத் திருநீறு

எனக்குச் சாமி விஷயத்தில் சிக்கனம் தெரியாது. சாவகச்சேரியில் நாங்கள் இருந்த வீட்டுச் சாமியறையில் சுவர் தெரியாது, படங்கள்தான் தெரியும். நடுவில் பிள்ளையார், பக்கத்தில் வள்ளி தெய்வானையோடு முருகன், பிறகு மட்டுவில் அம்மன், நாகதம்பிரான், சரஸ்வதி, லட்சுமி, அனுமார். கடைசியில் கையில் குழந்தையோடு அந்தோனியார். அந்தோனியாருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவர்களிடம், கிணற்றடியில் தொலைந்த என் தோடு அவரிடம் கேட்ட மறுநாளே கிடைத்த கதையைச் சொல்வேன். காரியத்தை முடித்துத் தந்தவரை வாசலில் நிற்க வைப்பது மரியாதையா? உள்ளே கூப்பிட்டு இடம் கொடுத்தேன்.

அம்மை வந்தால் அம்மன், பாம்பென்றால் நாகதம்பிரான், படிப்புக்குச் சரஸ்வதி, தொலைந்த சாமானுக்கு அந்தோனியார். அரசாங்கக் கச்சேரியில் எந்தக் காரியத்துக்கு எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று சிலருக்குத் தெரிந்திருக்குமே, அப்படி எனக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த வேலையைக் கேட்டு என்னைப் பைத்தியம் என்பீர்கள்.

என் கணவர் லொறி ஓட்டியவர். நான் அவரை ‘இவர்’ என்றுதான் சொல்வேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். இந்தியன் ஆமி இருந்த காலத்தில் லொறி ஓட்டுவதென்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டவேண்டும். இவர் வீடு வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அந்த நேரத்தில்தான் குவைத்தில் வேலை சரிவந்தது. சரிப்படுத்தித் தந்தவன் பக்கத்து வீட்டு ராத்தாவின் தம்பி. அவனும் அங்கே சாரதி. இவர் போய் இறங்கியதும் தன்னுடைய அறையிலேயே வைத்துக்கொண்டான். ஒரே அறை, ஒரே சமையல்.

ராத்தா என்றால் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அக்கா. என்னைவிட நன்றாக மூத்தவர். அவருடைய கணவரை நான் நானா, அதாவது அண்ணா, என்பேன். சந்தையடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி, வேலியில் ஒரு பொட்டு, குனிந்து நுழையக்கூடிய அளவு. எங்கள் ஊரில் வேலிக்காகக் கோட்டுக்கு வழக்காடப் போகாத ஆண்கள் இல்லை. பெண்கள் போய்வர ஒரு பொட்டு இல்லாத வேலியும் இல்லை. காலையில் தேங்காய் துருவுகிற என் துருவலை அங்கே போகும், மத்தியானம் ராத்தாவின் மீன் குழம்பு இங்கே வரும். என் நாலு வயது மகளுக்கு எது தன் வீடு என்பதே சந்தேகம்.

தைப்பொங்கலுக்குச் சூரியனுக்குப் படைக்க முதல் ராத்தா வீட்டுக்கு ஒரு சட்டியில் அள்ளித் தனியாக வைத்துவிடுவேன். படைத்தது அவர்களுக்கு ஆகாது. நான் அதை ஒரு பத்தியம் போலத்தான் நினைத்திருந்தேன். சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குப் படைத்தது ஆகாது. ஏன் ஆகாது என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. கேட்டிருக்கலாம்.

நானா வருஷப் பிறப்புக்கு இரண்டு வகைக் கலண்டர் அடிப்பிப்பார். தங்கள் ஆட்களுக்கு மக்கத்துப் படம், எங்கள் ஆட்களுக்குக் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. தொண்ணூறாம் ஆண்டு நான் குழந்தை வேண்டாம் என்று சொல்லி மக்கத்துப் படத்தைக் கேட்டு வாங்கினேன். இவர் இருக்கிற பக்கத்துப் படம்தானே என்றேன். மக்கா எங்கே, குவைத் எங்கே என்று நானா விழுந்து விழுந்து சிரித்தார். ராத்தாவுக்குப் பெரிய சந்தோஷம். தானே கொண்டுவந்து விறாந்தைச் சுவரில் கொழுவிவிட்டுப் போனார்.

ஆனி மாதம் இலங்கை ஆமிக்கும் இயக்கத்துப் பொடியளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் போனது, தபால் போனது, மண்ணெண்ணெய் மருந்துபோல ஆனது. ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுத் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் சமைத்தோம். பகலில் ஹெலி வந்தால் மகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடுவேன். ஆனாலும் அந்த நாட்களில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இவர் இதற்குள் இல்லையே. குவைத்தில் இருக்கிறாரே. எங்கள் தலையில் குண்டு விழுந்தாலும் அவர் தலையில் விழாதே.

ஆடியில் அந்த நிம்மதியும் போனது. பின்னேரங்களில் நானா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் கொழுவி, பெடலைக் கையால் சுற்றுவார். அதில்தான் ரேடியோ பாடும். அன்றைக்குச் செய்தி வந்தபோது ராத்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நான் மகளுக்குத் தலை இழுத்து வாரிக்கொண்டிருந்தேன். ஈராக் படை குவைத்துக்குள் இறங்கிவிட்டதாம். நானாவின் கை நின்றுவிட்டது, ரேடியோவும் நின்றுவிட்டது. சுற்றுங்கோ நானா, சுற்றுங்கோ என்று நான் கத்தினேன். அவர் சுற்றத் தொடங்கும்போது செய்தி வேறு ஏதோ நாட்டுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடிதம் இல்லை, ஆள் இல்லை. கொழும்பிலிருந்து யாராவது வந்தார்கள் என்று கேள்விப்பட்டால் கொடிகாமம் வரைக்கும் சைக்கிளில் போய் விசாரிப்பேன். பாலைவனத்தில் ஆட்கள் தண்ணீரில்லாமல் நடக்கிறார்களாம் என்று ஒருவர். கடைகளை உடைக்கிறார்களாம் என்று இன்னொருவர். இவருடைய பெயரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ராத்தா பொட்டுக்கிட்டவே நிற்பார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். ஐந்து நேரமும் தொழுதுவிட்டுக் கையேந்தும்போது தம்பியின் பெயரையும் இவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் கேட்பதாக ஒருநாள் சொன்னார்.

அந்தச் சொல் எனக்குள் நின்றது. அவருடைய சாமிக்குத்தானே அந்த நாடு. எங்கள் பிள்ளையார் இங்கே சந்தியில் இருக்கிறார், முருகன் நல்லூரில் இருக்கிறார். அவர்கள் அரபிக் கடலைத் தாண்டிப் போய் எந்த அதிகாரத்தில் அங்கே காரியம் பார்ப்பது? ஊருக்கு ஊர் தெய்வம் இருக்கிறதென்றால் அந்த ஊருக்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் நேரே கேட்காமல் மற்றவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்று என்னையே ஏசிக்கொண்டேன். ராத்தா எனக்காகக் கேட்பது நல்லதுதான். ஆனால் புருஷன் என்னுடையவர், நான் கேட்கவேண்டாமா?

விறாந்தைக்குப் போய் மக்கத்துப் படத்தை வடிவாகப் பார்த்தேன். நடுவில் கறுப்பாகச் சதுரமாக ஒன்று, எனக்கு மூலஸ்தானம் மாதிரித்தான் தெரிந்தது. சுற்றிவர வெள்ளை வேட்டியோடு சனம் வலம் வருகிறது, எங்கள் கோயிலில் வீதி சுற்றுவதைப் போல. இதற்கு மேல் என்ன வேண்டும்? திகதி மட்டையைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் வெட்டி, மட்டையில் ஒட்டி, சாமியறையில் அந்தோனியாருக்குப் பக்கத்தில் கொழுவினேன். சந்தனப் பொட்டு வைத்தேன், அதன்மேல் குங்குமம். அந்தக் கறுப்பின் மேல் மூன்று விரலால் திருநீறு பூசினேன். செவ்வரத்தம்பூ வைத்துக் கற்பூரம் காட்டினேன். வெள்ளிக்கிழமை அவர்களுக்கும் விசேஷம் என்று தெரியும், அம்மனுக்கும் வெள்ளிதான். ஒரே விரதத்தில் இரண்டும் அடங்கியது வசதியாகவும் போயிற்று. அன்றிரவு கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

இதை ராத்தாவிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறைத்ததும் இல்லை. அவர் சமைக்கிற குசினிவரைக்கும் வருவார், சாமியறைப் பக்கம் வரமாட்டார். அவ்வளவுதான்.

ஆவணி வெள்ளி ஒன்றில் விரதத்தோடு தண்ணீர் அள்ளும்போது தலை சுற்றிக் கிணற்றடியில் விழுந்துவிட்டேன். மகள் அழுதுகொண்டு பொட்டுக்குள்ளால் ஓடியிருக்கிறாள். ராத்தா வந்து என்னைத் தூக்கி, தோளில் சாய்த்து, உள்ளே கொண்டுவந்து பாயில் கிடத்தினார். முகத்தைத் துடைக்கத் துணி தேடி நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். சாமியறைக் கதவு திறந்திருந்தது. காலையில் வைத்த பூ வாடாமல் இருந்தது.

“உதென்ன பிள்ளை?” என்று கேட்டார்.

நான் படுத்தபடியே பெருமையாகச் சொன்னேன். உங்கள் சாமியையும் வைத்துத்தான் கும்பிடுகிறேன் ராத்தா, இவருக்காகவும் தம்பிக்காகவும் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ராத்தாவின் முகத்தில் இரத்தம் இல்லை. வாய்க்குள் ஏதோ அரபுச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். என்னை எழுப்பித் தேத்தண்ணி பருக்கினார், அதில் குறைவைக்கவில்லை. பிறகு பொட்டுக்குள்ளால் போய்விட்டார். அடுத்தடுத்த நாட்களில் பொட்டுக்குள்ளால் ஒருவரும் வரவில்லை. துருவலை என் வீட்டிலேயே கிடந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மரியாதை செய்தால் அதற்கும் குற்றமா? என் பிள்ளையாருக்குக் கொடுக்கிற அதே பூவைத்தானே கொடுத்தேன், வாடினதையா கொடுத்தேன்? குசினியில் பாத்திரங்களோடு சண்டை பிடித்தேன். ஆனால் பின்னேரமானால் ரேடியோ சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் கேட்டது. கோபத்துக்குப் பின்னால் பயம் வந்தது. ராத்தா இவருடைய பெயரைத் தன் தொழுகையிலிருந்து எடுத்துவிட்டால்?

கடைசியில் அவர்தான் வந்தார். குசினி வாசலில் இருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தேன்.

“நீ அறியாமல் செய்தனி, உன்னிலை எனக்குக் கோபமில்லை” என்றார். “அது கஃபா. தொழேக்கை நாங்கள் முகம் திருப்பிற திசை. அதை நாங்களே கும்பிடுறதில்லை பிள்ளை. நாங்களே கும்பிடாததை நீ கும்பிட்டுக்கொண்டிருக்கிறாய்.”

அப்படியென்றால் யாரைக் கும்பிடுகிறீர்கள், அவருடைய படம் எங்கே என்று கேட்டேன். அவனுக்குப் படம் இல்லை, உருவம் இல்லை, பெண்சாதி பிள்ளை இல்லை, பக்கத்தில் நிற்க ஆள் இல்லை என்றார். அவன் ஒருவன்தான். அவனோடு இன்னொருவரைச் சேர்த்து வைப்பதற்குத்தான் இணை வைப்பது என்று பெயர். களவெடுத்தவன் அழுது கேட்டால் மன்னிப்பான், கொலை செய்தவன் திருந்தினால் மன்னிப்பான், இணை வைத்தபடியே செத்துப்போகிறவனை மட்டும் மன்னிக்கமாட்டான் என்று சின்ன வயதிலேயே ஓதிப் படித்தது என்றார்.

இவ்வளவு காலமும் என் வீட்டுக்குள் இந்தப் பெண் எந்த நினைப்போடு வந்துபோயிருக்கிறார்? அப்படியென்றால் எங்கள் ஊர்ச் சனம் முழுக்க மன்னிப்பில்லாத சனமா என்று பாய்ந்தேன். நாங்கள் என்ன கல்லையா கும்பிடுகிறோம், கல்லுக்குள் நிற்கிறவரை அல்லவா கும்பிடுகிறோம், பேர்தான் பல, பொருள் ஒன்றென்று எங்கள் பெரியவர்களும் சொல்லித்தானே இருக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் கதைத்தேன். கீரையெல்லாம் நிலத்தில் கொட்டுப்பட்டது.

ராத்தா பொறுமையாகக் கேட்டார். அது உனக்கும் படைத்தவனுக்கும் உள்ள கணக்கு, அதைப் பற்றி நான் எப்போதாவது வாய் திறந்தேனா என்றார். உண்மைதான், திறந்ததில்லை. பிறகு குரல் இறங்கிவிட்டது.

“ஆனா அந்தப் படம் என்ரை கையாலை உன்ரை வீட்டுக்கு வந்தது. தம்பியும் அங்கைதான் கிடக்கிறான். நீ விளக்கு வைக்கிற ஒவ்வொரு பின்னேரமும் எனக்கு நெஞ்சு இடிக்குது. உதை எடுத்துவிடு பிள்ளை.”

“எடுத்த பிறகு இவருக்கு ஒண்டு நடந்திட்டுதெண்டா?” என்று கேட்டேன்.

அவர் நிலத்தில் கொட்டிய கீரையைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் பொறுக்கினேன். அந்த இரண்டு ஆண்களும் ஒரே அறையில் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள். அந்தப் படம் சுவரில் இருந்தால் அவர்களுக்கு ஆபத்து என்று அவர் பயப்பட்டார், எடுத்தால் ஆபத்து என்று நான் பயப்பட்டேன். எங்களில் ஒருத்தி சொல்வது சரியென்றால் மற்றவள் அவர்களைக் கொல்கிறாள். இதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் விளங்கியது.

நான் அம்மன் கோயில் ஐயரிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர், எதற்கும் பதறமாட்டார். பூசை நடந்த படத்தைச் சும்மா கழற்றக்கூடாது, ஒரு கற்பூரம் காட்டி, குற்றம் குறை பொறுக்கும்படி கேட்டுவிட்டு எடுத்து, கோயில் வேப்ப மரத்தடியில் பழைய படங்களோடு வைத்துவிடு என்றார். அதை அப்படியே ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். எடுப்பதற்கும் ஒருமுறை கும்பிடவேண்டுமா, எடுத்த பிறகு கோயிலிலா கொண்டுபோய் வைப்பாய் என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார், சிரிப்பு அழுகையில் முடிந்தது. தங்கள் வழக்கத்தில் இப்படியானதைச் சுத்தமான நிலத்தில் புதைப்பார்கள், தன் வளவில் மாமரத்தடியில் புதைக்கலாம் என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. இவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நேரத்தில், அவருக்காகக் கும்பிட்ட படத்துக்குக் குழி வெட்டுவதா? அதற்கு மட்டும் ஓம் சொல்லிச் சம்மதிக்கமாட்டேன் என்றேன்.

இப்படி இழுபட்டு இழுபட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். செய்தி வரும்வரைக்கும் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது. எடுத்ததும் இல்லை, கும்பிட்டதும் இல்லை. ராத்தா அரைமனதோடு போனார். நானும் அரைமனதோடுதான் திருப்பினேன். ஆனால் கையை என்ன செய்வது? கற்பூரத் தட்டோடு வரிசையாக வரும்போது அந்தோனியார் முடிந்ததும் கை தானாக ஒரு கணம் நிற்கும். நான் வெடுக்கென்று இழுப்பேன். இழுத்ததும் யோசிப்பேன், இழுத்தது பிழையோ என்று. நவராத்திரி முழுக்க இந்த ஆட்டம்தான். ராத்தா திரும்பவும் பொட்டுக்குள்ளால் வரத் தொடங்கினார். வந்தால் சாமியறைப் பக்கம் ஒருமுறை கண் போகும். நான் பார்க்காததுபோல் இருப்பேன்.

மாரி தொடங்கப் பார்த்த நாட்களில் ஒரு காலை, இயக்கப் பொடியள் வீடு வீடாகப் போனார்கள். முஸ்லிம் ஆட்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிடவேண்டும், உடனே. உடுத்த உடுப்போடும் கையில் கொஞ்சத்தோடும் போகலாம், நகை, வீடு, கடை எல்லாம் இங்கே. ஏன் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் வரவில்லை. சந்தியில் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான், எங்கள் கோயில்களில் திருநீறு பூசி வளர்ந்தவர்கள்தான்.

அவசரமாகப் புட்டு அவித்து வாழையிலையில் கட்டினேன். பொட்டுக்குள்ளால் நுழைந்தபோது நானா கடைப் பூட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் முற்றத்தில் நின்றார். ராத்தா ஒரு சீலைப் பைக்குள் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். பொதியை நீட்டினேன். அவர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, அந்தப் படத்தை எனக்குத் தா.”

நான் ஓடினேன். ஐயர் சொன்ன கற்பூரம் நினைவுக்கு வந்தது. நெருப்புப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை. மனதுக்குள்ளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராத்தா சீலைத் தலைப்பால் திருநீற்றைத் துடைத்தார். சந்தனம் உதிர்ந்தது, குங்குமம் போகவில்லை, தேய்க்கத் தேய்க்க ரோஜா நிறமாகப் பரவியது. அப்படியே மடித்துத் துணிகளுக்கு நடுவில் வைத்தார். வழியில் பைகளைக் கொட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், அதில் என்ன மிஞ்சும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பைக்குள் அதற்கு இடம் கொடுத்தார்.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்கவேண்டும் என்றிருந்தது. இனியும் இவருடைய பெயரைச் சொல்லிக் கேட்பீர்களா ராத்தா? எந்த முகத்தோடு கேட்பது? என் சனம் அவரை நாய் துரத்துவதுபோல் துரத்துகிறது, நான் என் புருஷனுக்கு வேண்டுதல் கேட்கிறேனா? கேட்கவில்லை. லொறியில் ஏற்றினார்கள். அவர் என் மகளைத் தூக்கி நெற்றியில் கொஞ்சிவிட்டு இறக்கினார். லொறி கண்டி வீதியில் ஏறியது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல் நான் எந்த நாட்களையும் கழிக்கவில்லை. ராத்தாவுக்கும் எனக்கும் வேறு வேறாக இருந்த பயம் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. சாமியறையில் இத்தனை பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் பூ வைத்தேன், எல்லாரிடமும் கேட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு நம்பிக்கையாக இருந்தது அந்த வேலிக்கு அப்பால் ஐந்து நேரம் கையேந்திய பெண்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் பல பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறவள். அவர் ஒருவனிடம் முழுக்கக் கேட்கிறவர். அவர் இவருக்காகக் கேட்பது இப்போது நின்றுபோயிருக்கும். நின்றுபோனால் அதில் பிழை சொல்ல ஏலாது. பங்கருக்குள் மகளை அணைத்துக்கொண்டு இருக்கும்போதும் இதே நினைப்புத்தான்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் வேலிப் படலை திறந்தது. எலும்பும் தோலுமாக, தாடியோடு, ஓர் ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் பயந்து குசினிக்குள் ஓடிவிட்டாள். நான் கையிலிருந்த அகப்பையோடு படலைக்கு ஓடினேன். இவர்தான்.

தம்பியும் இவரும் கடைசிவரை பிரியாமல் வந்திருக்கிறார்கள். மறைந்திருந்து, பிறகு ஒரு பாரவண்டியில் தொற்றிக்கொண்டு எல்லைவரை வந்து, ஜோர்தானில் கூடாரத்தில் கிடந்து, கொழும்புக்கு வந்திருக்கிறார்கள். அங்கேதான் சாவகச்சேரிச் செய்தி தெரிந்திருக்கிறது. இவர் என்னிடம் வர முதல் தம்பியோடு, இங்கிருந்து துரத்தப்பட்ட சனம் போய்த் தங்கியிருந்த புத்தளத்துக்குப் போயிருக்கிறார். தெரியாத இடத்தில் அவனைத் தனியே விட மனம் வரவில்லையாம். தென்னந்தோட்டத்துக்குள் கிடுகுக் கொட்டில்கள், அதில் ஒன்றுக்குள் ராத்தாவும் நானாவும். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துவிட்டு, ராத்தா இவரைப் பார்த்தாராம்.

நான் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் இருந்தேன். என்ன சொன்னவ, என்ன சொன்னவ என்று இவரைச் சாப்பிட விடாமல் அரித்தேன்.

“உங்கடை பேரை ஒரு நேரமும் விடேல்லை, ரோட்டிலை இறக்கிவிட்ட இடத்திலையும் கேட்டனான் எண்டவ” என்றார் இவர். பிறகு கொஞ்சம் தயங்கினார். “உனக்காகவும் கேக்கிறவவாம். அவன் ஒருத்தன்தான் எண்டு உனக்கு விளங்க வைக்கச் சொல்லி. நீ உப்பிடியே போய்ச் சேர்ந்திட்டா உன்னை மன்னிக்கமாட்டானே எண்டு அவவுக்குப் பயமாம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கிடுகுக் கொட்டிலுக்குள் மழை ஒழுக இருந்துகொண்டும் என்னைத் திருத்தப் பார்க்கிறாரா இந்த மனுசி? என் சாமிகள் என்ன அவ்வளவு கேவலமா? இவர் பயந்து சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், ஏச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. வீடு போய், கடை போய், ஊர் போய், எல்லாவற்றையும் என் ஆட்கள் பறித்த பிறகும் அந்தப் பெண்ணுக்கு என்னை நினைத்துப் பயம். நான் அவருடைய ஆளாக இருந்தால் அல்லவா அந்தப் பயம் வரும்?

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனேன். இவருக்கு ஓர் அருச்சனை முடித்துவிட்டு, இன்னொரு தட்டை நீட்டினேன். ஐயர் பெயரைக் கேட்டார். ராத்தாவின் பெயரைச் சொன்னேன். தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தார். நட்சத்திரம் என்ன என்று கேட்டார். அவர்களுக்கு ஏது நட்சத்திரம்? தெரியாவிட்டால் சுவாமி பெயருக்கே செய்துவிடுவோம் என்றார். வேண்டாம், அவவின்ரை பேருக்குத்தான் செய்யவேணும் என்று சொல்லி என்னுடைய நட்சத்திரத்தைக் கொடுத்தேன். மூலஸ்தானத்தில் அந்தப் பெயர் மந்திரத்தோடு சேர்ந்து கேட்டது.

இந்த முறை நான் தெரியாமல் செய்யவில்லை. ராத்தாவுக்கு இது தெரிந்தால் சண்டைக்கு வருவார். வரட்டும் என்றுதான் செய்தேன்.